என் பெயர் இல்லாத ஆய்வு

ஜனவரி 9, 2025

விண்ணப்பத்தின் எட்டாம் பக்கத்தில்தான் அந்த வரி இருந்தது. இளம் ஆராய்ச்சியாளர்களுக்கான நிதிக்கு நிரந்தரப் பணியில் இருப்பவர்கள் மட்டுமே விண்ணப்பிக்கலாம். மருத்துவக் கல்லூரியின் மக்கள் நலவாழ்வுத் துறையில் ஆறு வருடமாக நான் ஒப்பந்த விரிவுரையாளர். முப்பத்து நான்கு வயதில் என்னை 'இளம்' என்று ஒப்புக்கொள்கிறார்கள். நிரந்தரத்துக்கு எங்கே போக?

வெள்ளகோவில் விசைத்தறிகளில் வேலை பார்க்கும் பெண்கள் பகல் முழுக்கத் தண்ணீர் குடிப்பதில்லை. கக்கூஸ் இல்லை, அதனால். என் விடுமுறை நாட்களில் போய் அறுபது பேரிடம் கேட்டு வைத்திருக்கிறேன். பாதிப் பேருக்கு நீர்க்கடுப்பு. சிலருக்குச் சிறுநீரகத்தில் கல். இதையே பரிசோதனையோடு ஐந்நூறு பேரிடம் செய்ய வேண்டும். அதற்குத்தான் நிதி.

ஜனவரி 13

துறைத்தலைவர் பாலுசாமி கூப்பிட்டார். "ரவிதேஜா பேர்ல போட்டுரலாம் அம்மணி. அவரு பர்மனென்ட்டு. நீங்க இணை ஆய்வாளர். வேலையெல்லாம் நீங்கதானே பாக்கப்போறீங்க?"

ரவிதேஜா என்னைவிட இரண்டு வயது இளையவர். கெட்டவர் இல்லை. வெள்ளகோவில் எந்தப் பக்கம் இருக்கிறது என்று கேட்டார்.

சரி என்றேன். வேறென்ன சொல்ல?

பிப்ரவரி 20

முப்பத்தொரு பக்கம். எல்லாம் நான் எழுதியது. அனுப்பியாயிற்று.

மே 30

ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கவில்லை. மாணவர் சேர்க்கை குறைவாம். ஆய்வு என்ன ஆகும் என்று பாலுசாமி சாரிடம் கேட்டேன். "மொதல்ல நிதி வரட்டுங்க, பாத்துக்கலாம்" என்றார்.

வாசலில் அடையாள அட்டையை வாங்கிக்கொண்டார்கள்.

ஆகஸ்ட் 18

நிதி கிடைத்துவிட்டது. ரவிதேஜா படத்தோடு கல்லூரி வாசலில் பிளெக்ஸ். லேபில் இருக்கும் ஜெரோம் போட்டோ எடுத்து அனுப்பினான். இணை ஆய்வாளர் என்ற இடத்தில் பாலுசாமி சாரின் பெயர்.

அவருக்குப் போன் செய்தேன். "நீங்க இப்ப காலேஜ்ல இல்லீங்களே அம்மணி. ரூல்ஸ் அப்படிங்க. களப்பணியாளர் போஸ்ட்டு ஒண்ணு இருக்குது, வேணும்னா அப்ளை பண்ணுங்க."

நான் எழுதின ஆராய்ச்சிக்கு நானே அப்ளை பண்ணோணுமா! அந்த மனுசனுக்கு ஒரு கூச்சம் வேண்டாம்? எனக்கு ஏன் வாயே வரல? "சரிங்க சார்"னு சொல்லிப்போட்டு வெச்சேன். என்னத்த சரிங்க —

செப்டம்பர் 3

களப்பணியாளர் வேலைக்கு இன்று கடைசி நாள். விண்ணப்பிக்கவில்லை.

அக்டோபர் 6

அவினாசி சாலையில் ஒரு மருத்துவக் காப்பீட்டு அலுவலகத்தில் சேர்ந்தேன். ஆஸ்பத்திரி பில்களைச் சரிபார்க்கும் வேலை. இங்கே யாருக்கும் என் படிப்பு என்னவென்று தெரியாது. நல்லதுதான்.

நவம்பர் 12

ரவிதேஜா அழைத்தார். "ஒருத்தருமே வாயத் தொறக்க மாட்டேங்கறாங்க செவ்வந்தி. ஒரு நாளைக்கு எத்தனை தடவை சிறுநீர் கழிக்கறீங்கன்னு கேட்டா எந்திரிச்சுப் போயிர்றாங்க. நீங்க ஒரு தடவை வந்து சொன்னீங்கன்னா..."

லீவு இல்லை என்றேன். போனை வைத்ததும் சிரித்தேன். வெட்கமில்லாமல் எழுதிவைக்கிறேன்: சந்தோஷமாக இருந்தது. முதல் நாள் நான் போனபோது இரண்டு மணி நேரம் அவர்களோடு உட்கார்ந்து நூல் சுற்றினேன். அப்புறம்தான் பேச்சு. முப்பத்தொரு பக்கத்தில் அதை எழுதாமல் விட்டிருக்கிறேன்.

நவம்பர் 16, ஞாயிறு

காளியாத்தாளக்கா போன் செய்தார். அந்த அறுபது பேரில் என்னிடம் முதலில் பேசியவர்.

"கோயமுத்தூர்ல இருந்து காருல வாராங்க கண்ணு. ரத்தம் எடுக்கோணும், டெஸ்ட்டு பண்ணோணும்ங்கறாங்க. உன்ற பேரையே எடுக்கல. கையெழுத்துக்குக் குடுத்த பேப்பர்லயும் இல்லீன்னு என்ற மக படிச்சுச் சொன்னா. அதுதான் நாங்க ஆரும் கையெழுத்துப் போடல." பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டார். "எனக்கு நாலு நாளா ஒண்ணுக்குல ரத்தமா போகுது. ஊட்லகூடச் சொல்லல. ஏங் கண்ணு, அவங்க உன்ற ஆளுங்கதானா?"

இல்லை என்று சொன்னால் போதும். அந்த ஆய்வு அங்கேயே நின்றுவிடும். சொல்லத்தான் வாயெடுத்தேன்.

"என்ற ஆளுங்கதானுங்க அக்கா" என்றேன். "நாளைக்குக் கையெழுத்துப் போடுங்க. ரத்தம் போறத மொதல்ல சொல்லுங்க."