தவிடு நன்றாக இருக்கிறதாம்

என் பிரியத்துக்குரிய லூர்துமேரிக்கு,

இது என் கையெழுத்துதான். நம்ப மாட்டாய். சிங்கப்பூரிலிருந்து மகன் போடும் கடிதங்களை நீதான் எனக்குப் படித்துக் காட்டுவாய். நீ போன பிறகு மூன்று கடிதங்கள் பிரிக்காமலே கிடந்தன. அடுத்தவரிடம் நீட்ட மனம் வரவில்லை. இந்த வயதில் சாயங்கால வகுப்பில் போய் உட்கார்ந்தேன். இப்போது மூன்றையும் நானே படித்துவிட்டேன்! மூன்றிலும் ஒரே சேதி: “அரிசி மில்லை மூடிவிட்டு இங்கே வந்துவிடுங்கள் அப்பா.”

மில் நின்றால் வருகிறேன் என்று எஸ்.டி.டி. பூத்திலிருந்து அவனுக்கு வாக்குக் கொடுத்துவிட்டேன். உன் கல்லறையை விட்டு எப்படிப் போவது என்று அப்போது யோசிக்கவில்லை.

மாட்டுக்குப் போன நம் தவிட்டை இப்போது ஓர் எண்ணெய்க் கம்பெனி வாங்குகிறது. சமையல் எண்ணெய் எடுத்து, அதிலிருந்து ஒரைசனால் என்று ஒரு பொருளையும் பிரிக்கிறார்களாம். ரத்தக் கொழுப்பைக் குறைக்க உதவுமாம். அந்தப் பெயரை அவர்களுடைய எண்ணெய் டின்னில் எழுத்துக்கூட்டி முடிப்பதற்குள் டீ ஆறிப்போயிற்று.

குறுவை நெல் வந்தபோது, லாரி நிறையட்டும் என்று தவிட்டு மூட்டைகளை ஒரு வாரம் அடுக்கி வைத்தேன். எப்போதும் அப்படித்தானே வைப்போம்? லோடு திரும்பி வந்துவிட்டது.

“பெரியவரே, சிக்கு வாடை அடிக்குது. அரைச்ச அன்னிக்கே சூடு காட்டணுங்க. இன்னொரு தடவை இப்படி வந்தா வாங்க மாட்டோம்” என்றார் கம்பெனிக்காரர். அந்த வரவும் நின்றால் மில் ஓடாது.

வீட்டுக்கு வந்தால் உன் இரும்புச் சட்டி கண்ணில் பட்டது. மாட்டுத் தவிட்டை அதில் வறுத்து வைப்பாயே. “மாட்டுக்கு என்ன, மறுவீட்டு விருந்தா?” என்று சிரிப்பேன். “சிக்குப் புடிச்ச தவிட்ட ஒரு வாய் தின்னு பாருங்க, அப்பறம் சிரிங்க” என்பாய். உனக்கு இதை யார் சொன்னது? நான் ஒரு நாளும் கேட்கவில்லையே.

மில்லின் உமி அடுப்பில் அகலமான தகரத்தைப் போட்டு, அரைத்த தவிட்டை அன்றன்றே வறுத்தோம். போன வாரம் லோடு திரும்பி வராமல் கம்பெனியில் இறங்கிவிட்டது.

“இது யாரு யோசனைங்க?” என்று கேட்டார் கம்பெனிக்காரர்.

“எங்க வீட்டுல சொன்னது.”

“தவிடு நல்லாருக்குன்னு அவங்ககிட்ட சொல்லிடுங்க.”

“சரிங்க” என்றேன். வீட்டுக்கு வந்து விளக்கைப் போட்டுவிட்டு, யாரிடம் சொல்வது என்று நின்றுகொண்டிருந்தேன். அதனால்தான் இந்தக் கடிதம்.

கல்லறைத் திருநாளன்று மெழுகுவத்தி ஏற்றி, யார் துணையும் இல்லாமல் இதை உனக்குப் படித்துக் காட்டுவேன். நடுவில் திக்கினால் சிரி. இது உன் முறை.

கீழ்வேளூரிலேயே இருக்கும்
உன் வீட்டுக்காரன்,
சவரிமுத்து