என் அக்கா நடந்து போனவள் இல்லை

சண்டையில் ஒரு நாளும் தோற்காத என் ஈஸ்வரியக்காவுக்கு,

நீ போய் மூன்று மழைக்காலம் முடிந்துவிட்டது. இவ்வளவு நாளும் உனக்கு எழுத எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. செத்தவளிடம் போய்ச் சாவைப் பற்றி என்ன சொல்வது? இப்போது எழுதுவதற்கு டெல்லிதான் காரணம். சிரிக்காதே. நீ இருந்தபோது டெல்லியைப் பற்றி நீ பேசுவாய், நான் தூங்குவேன். இப்போது நீ தூங்குகிறாய், நான் பேச வேண்டியிருக்கிறது.

காமயகவுண்டன்பட்டியில் விடிவதற்கு முன்னால் ஜீப் ஏறி, மலை தாண்டி, கேரளாவில் ஏலத்தோட்டத்தில் போய் இறங்குகிற வரைக்கும் நீதான் எங்களுக்குச் செய்தி வாசிப்பாய். வடை மடித்து வந்த பேப்பரைக்கூட விடமாட்டாய். "வெரல்ல வச்ச மை காயல, அதுக்குள்ள வெலய ஏத்திட்டானுக பாத்தியா" என்று நீ ஆரம்பித்தால் மாநில எல்லைக் கம்பம்மெட்டு வந்தாலும் நிறுத்தமாட்டாய். இப்போது ஜீப்பில் யாரும் செய்தி பேசுவதில்லை. போனில் பாட்டுக் கேட்கிறார்கள்.

செய்தி இதுதான் அக்கா. தொழிலாளர் சட்டங்கள் இருபத்தொன்பதையும் உருட்டித் திரட்டி நாலு சட்டமாக்கிவிட்டார்கள். வருஷக்கணக்கில் எங்கேயோ தூங்கிக் கிடந்தவை, ஒரு நாள் திடீரென்று எழுந்து உட்கார்ந்துகொண்டன. கம்பம் டவுனில் ஒரு கட்சிக்காரர் மைக் கட்டி, தொழிலாளிக்குக் கிடைத்த வரம் என்றார். பிறகு அதே இடத்துக்குச் சிவப்புத் துண்டு போட்டவர்கள் வந்து, கழுத்துக்கு வந்த கயிறு என்றார்கள். எங்களுக்கு இரண்டும் புரியவில்லை. நீ இருந்திருந்தால் புரியவைத்திருப்பாய் என்று பொய் சொல்லமாட்டேன். உனக்கும் பாதிதான் புரியும், மீதியைச் சத்தத்தால் நிரப்புவாய்.

நூறு நாள் வேலையும் பழையபடி இல்லை. பெயரில் இருந்த காந்தித் தாத்தாவை இறக்கிவிட்டு, வாய்க்குள் நுழையாத ஒரு பெயரை வைத்துப் புதுச் சட்டம் போட்டிருக்கிறார்கள். நாளைக் கூட்டியிருக்கிறோம் என்கிறார்கள். கூட்டிய கையோடு, நடவும் அறுப்புமாக இருக்கிற காலத்தில் வேலையை நிறுத்தி வைக்கலாம் என்றும், செலவில் முன்னைவிடப் பெரிய பங்கை மாநிலம் போடவேண்டும் என்றும் எழுதியிருக்கிறார்களாம். எப்போது வேலை வரும், எப்போது வராது என்று ஊரில் ஒருவருக்கும் நிச்சயமில்லை. அதனால் மலைக்குப் போகிற கூட்டம் கூடிவிட்டது. அந்தக் கூட்டத்தில் உன் மகளும் ஒருத்தி.

ஆமாம், கவிதாதான். நீ படிக்க வைத்த பி.காமை முடித்துவிட்டாள். அல்லிநகரத்தில் ஒரு ஜவுளிக்கடையில் கணக்கு எழுதப் போனாள், அங்கே ஆளைக் குறைத்துவிட்டார்கள். மச்சான் நீ போன நாளிலிருந்து நிமிரவில்லை. ஒரு விடியற்காலை உன்னுடைய முழுக்கைச் சட்டையைச் சேலைக்கு மேலே போட்டுக்கொண்டு என் வாசலில் வந்து நின்றாள். "நானும் மலைக்கு வாரேன் சித்தி" என்றாள். வேண்டாம் என்று சொல்லிவிட்டு அவளுக்குக் காட்ட என்னிடம் வேறு வேலை ஒன்றும் இல்லை.

அந்த நாலு சட்டத்தில் ஒரு வரி இருக்கிறது அக்கா. கவிதாதான் போனில் பார்த்துப் படித்துக் காட்டினாள். வீட்டிலிருந்து வேலைக்குப் போகும்போதோ, வேலை முடிந்து திரும்பும்போதோ வழியில் விபத்து நடந்து, அது வேலையோடு சம்பந்தப்பட்டது என்று நிரூபித்தால், வேலையில் நடந்த விபத்தாகவே எடுத்துக்கொள்வார்களாம். எனக்குக் கோபம்தான் வந்தது. நல்லதைச் செய்கிறவர்கள் கொஞ்சம் முன்னாலேயே செய்தால் என்னவாம்?

உனக்கு நடந்ததை உனக்கே சொல்கிறேன். அதற்குப் பிறகு நடந்தது உனக்குத் தெரியாதே.

நம் பழக்கம் நீ அறிந்ததுதான். ஜீப்பில் ஏற்றக்கூடியது எட்டுப் பேர், ஏறுகிறது பதினாறு பேர். செக்போஸ்ட் வருவதற்கு முன்னாலேயே பாதிப் பேர் இறங்கி, கோயிலுக்குப் போகிறவர்களைப் போல நடந்து தாண்டி, அந்தப் பக்கம் போய் மறுபடி ஏறிக்கொள்வோம். யார் கேட்டாலும், "வண்டில எட்டுப் பேருதேன் சார், அவுக நடந்து போறவுக" என்போம். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் நம் வாயில் வருகிற பதில் அது.

அன்றைக்குக் காய்ச்சல் என்று நான் வரவில்லை. கொண்டை ஊசி வளைவில் ஜீப் கவிழ்ந்தது. அடி படாதவர்கள் எழுந்து, சேலையை உதறிக்கொண்டு, பழக்க தோஷத்தில் ரோட்டோரமாகத் தள்ளிப்போய் நின்றுவிட்டார்கள். போலீஸ் வந்து கேட்டதும் உன் கூட்டாளி பேச்சி அதே பதிலைச் சொன்னாள். நீ கொஞ்சம் தள்ளி விழுந்து கிடந்தாய். வெறும் மயக்கம் என்றுதான் நினைத்தாளாம். ஜீப்புக்காரரைக் காப்பாற்றுவதாக நினைத்துக்கொண்டு, உன்னையும் நடந்து போனவர்கள் கணக்கில் சேர்த்துவிட்டாள்.

பிறகு அவளே போய் அழுது மாற்றிச் சொன்னாள். முதலில் சொன்னதுதான் நின்றது. ஜீப்புக்கு இன்சூரன்ஸ் எப்போதோ முடிந்துபோயிருந்தது. எஸ்டேட்டில் போய்க் கேட்டால், ரோட்டில் நடந்து போனவளுக்கும் எங்களுக்கும் என்ன சம்பந்தம் என்றார்கள். கல்யாணமான வருஷத்திலிருந்து அவர்களுக்குக் காய் எடுத்த கை உன்னுடையது. அவர்கள் வீட்டு நாய்க்குக்கூட உன்னைத் தெரியும்.

இப்போது புதுச் சட்டம் வந்ததும், எஸ்டேட்டுக்காரர்கள் அந்த வரியை நமக்கு முன்னாலேயே படித்துவிட்டார்கள் போலிருக்கிறது. ஜீப்புக்காரர்தானே நமக்குக் கங்காணியும்? ஒரு நாள் வண்டியை ஓரங்கட்டி நிறுத்தினார். "இந்தா பாருங்கத்தா, மொதலாளி சொல்லிவிட்டாக. யாரு கேட்டாலும், நாங்களே வாடகைக்குப் பிடிச்ச வண்டின்னு சொல்லணும். எஸ்டேட் அனுப்புன வண்டின்னு வாயில வரக்கூடாது. வந்துச்சுன்னா, மறுநா வேற ஊரு ஜீப்பு மலையேறும். நம்ம இங்கன உக்காந்து ஈ ஓட்ட வேண்டியதுதேன்" என்றார்.

வேலைக்குச் சேர்த்ததற்கு எல்லோருக்கும் தாள் கொடுக்கவேண்டும் என்றும் அதே சட்டம் சொல்கிறதாம். நம்மில் யாரும் அப்படி ஒரு தாளைக் கண்ணால் கண்டதில்லை. ஆக, நாம் அங்கே வேலை பார்க்கிறோம் என்பதற்கு நம் வாய் ஒன்றுதான் சாட்சி. அந்த வாயையும் எழுதி வாங்காத குறையாகக் கேட்கிறார்கள்.

இதில் இன்னொரு கூத்தும் உண்டு. அமலுக்கு வந்துவிட்டது என்று டெல்லியில் சொல்ல, நாங்கள் ஏற்கமாட்டோம் என்று கேரளாவில் சொன்னார்கள். நாம் காலையில் ஒரு மாநிலம், சாயங்காலம் ஒரு மாநிலம். எந்தச் சட்டத்தில் ஏறி எந்தச் சட்டத்தில் இறங்குகிறோம்? நடுவில் இருக்கிற வளைவு யாருடையது? கேட்டால் பதில் சொல்ல எந்தக் கட்சியிலும் ஆள் இல்லை. நமக்கு அங்கே ஓட்டும் கிடையாது.

போன வாரம் அடிவாரத்தில் தொழிலாளர் துறை அதிகாரி ஒருத்தர் ஜீப்பை நிறுத்தினார். நடக்கிறவர்கள் அதற்கு முன்னாலேயே இறங்கி நடந்துவிட்டார்கள், நாங்கள் உட்கார்ந்திருந்தோம். புதுச் சட்டத்தில் ஆய்வாளருக்கு வழிகாட்டி என்றும் ஒரு வேலை சேர்ந்திருக்கிறதாம். மனுஷர் தன்மையாகத்தான் கேட்டார். "யாரும்மா உங்கள வேலைக்குக் கூட்டிட்டுப் போறது? எஸ்டேட் வண்டியா?"

"நாங்களே பிடிச்ச வண்டி சார்" என்றாள் பேச்சி. பக்கத்தில் இருந்தவளும் அதையே சொன்னாள். கவிதா கடைசியில் கம்பியைப் பிடித்துக்கொண்டு, குனிந்தபடி இருந்தாள். "நாங்களே பிடிச்ச வண்டி" என்று அவள் உதடும் அசைந்தது. அதைப் பார்த்ததும் எனக்கு என்ன வந்ததோ தெரியவில்லை. நாளைக்கு இவள் விழுந்து கிடந்தால் இவளையும் நடந்து போனவள் என்றுதானே சொல்வார்கள்?

"இல்ல சார். எஸ்டேட் அனுப்புற வண்டி. எங்கக்கா இந்த வேலைக்குப் போகையிலதேன் செத்துப்போச்சு. அது நடந்து போன ஆளு இல்ல சார்" என்றேன். என் குரல் எனக்கே உன் குரல் மாதிரி கேட்டது.

அதிகாரி பேனாவை எடுத்தார். பேச்சி முந்திக்கொண்டாள். "சார், அவ சொல்றத எடுத்துக்கிறாதீக. அக்காக்காரி போனதுலருந்து அவளுக்குப் புத்தி சரியில்ல. வெயில் ஏறுனா இப்பிடித்தேன் ஒளறுவா." வெயில் எங்கே ஏறியது? கிழக்கு இன்னும் வெளுக்கவே இல்லை. "அப்படியாம்மா?" என்று அவர் மற்றவர்களைக் கேட்டார். ஆமாம் என்றார்கள். கவிதா ஆமாம் என்று சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. அவர் பேனாவைச் சட்டைப்பையில் செருகிக்கொண்டு வழிவிட்டார். அன்று முழுக்கச் செடிக்கு அடியில் குனிந்து காய் எடுத்துக்கொண்டே அழுதேன்.

சாயங்காலம் பேச்சி குழம்புத் தூக்கோடு வந்தாள். வெளியே போ என்றேன். போகவில்லை, வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். "ஈசுவரியத் தெரியாம நடக்க விட்டேன். ஒன்னயத் தெரிஞ்சேதேன் பைத்தியமாக்குனேன்" என்றாள். "ஜீப்புக்காரவுக ஒன்னயும் பிள்ளையையும் அங்கனயே எறக்கிவிடப் பாத்தாக. நாந்தேன் கெஞ்சுனேன், பைத்தியக்காரி பேச்சுக்கு என்ன கணக்கு, வந்துட்டுப் போகட்டும்னு. சரின்னுட்டாக. துரோகின்னாத்தேன் வேலைய விட்டுத் தூக்குவாக செல்வி. பைத்தியத்த யாரும் தூக்க மாட்டாக."

அவளைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை அக்கா. அவளுக்கும் வீட்டில் படுக்கையில் ஒருத்தர் கிடக்கிறார், அவளுக்கும் அந்த ஜீப் வேண்டும். அவள் கொண்டுவந்த குழம்பை ஊற்றி, கவிதாவையும் சேர்த்து மூன்று பேரும் சாப்பிட்டோம். நம்மைக் காப்பாற்றுவதற்கென்று சட்டத்தில் ஒரு வரி இருக்கிறது, அதைச் சொன்னால் சோறு போகிறது. இதை எந்த நாட்டில் நியாயம் என்பார்கள்? நீ இருந்திருந்தால் பேச்சியை அடித்திருப்பாயா, என்னை அடித்திருப்பாயா?

மறுநாளும் ஜீப் வந்தது. நானும் கவிதாவும் ஏறினோம். நோயாளிக்கு விடுவது போல எனக்கு நகர்ந்து இடம் விட்டார்கள். "என்னத்தா, இன்னிக்குத் தேவலையா?" என்று ஜீப்புக்காரர் கண்ணாடியில் பார்த்துக் கேட்டார். "தேவலை இல்லண்ணே" என்றேன். கவிதா என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

பைத்தியக்காரி ஒன்றையே திரும்பத் திரும்பச் சொன்னால் யாருக்கும் ஆச்சரியம் இருக்காது. அதற்காக யாரும் அவள் வேலையைப் பறிக்கவும் மாட்டார்கள். வேலையைக் காப்பாற்றப் போய், பேச்சி தனக்குத் தெரியாமலே எனக்கு அந்த வசதியைச் செய்து கொடுத்துவிட்டாள். இனி எந்த அதிகாரி வண்டியை நிறுத்தினாலும், எந்தக் கட்சிக்காரர் ஓட்டுக் கேட்டு வந்தாலும், நான் இதே உளறலைத்தான் உளறப்போகிறேன்: இது எஸ்டேட் வண்டி. இதில் போகிறவள் ஈஸ்வரி மகள் கவிதா. அவள் வேலைக்குப் போகிறாள். என்றைக்காவது ஒருத்தர் அதை எழுதிக்கொள்ளும் வரைக்கும் சொல்வேன். உன்மேல் சத்தியம்.

புத்தி தெளிவாக இருக்கிற உன் தங்கச்சி,
செல்வி