கண்ணாடியும் ஹெட்போனும்

வெள்ளி, இரவு.

எரிச்சல் அடங்கவில்லை. ஞாயிறு ஆராதனையில் பாடகர் குழுவோடு பேஸ் என்னும் அடிக்குரல் பாட வேண்டும். பழகுவதற்கென்றே காதை முழுக்க மூடும் ஹெட்போன் வாங்கினேன்.

"கண்ணாடியக் கழத்திட்டு மாட்டுங்க அண்ணாச்சி" என்றார் நாகர்கோவில் கடைக்காரர். கழற்றினேன். பேஸ் அப்படியே நெஞ்சில் இறங்கியது; காதும் வலிக்கவில்லை.

வீட்டில் கண்ணாடியோடு மாட்டினால் பிரேம் காதை அழுத்துகிறது, அதனால் விழும் இடைவெளியில் பேஸ் கசிந்து போய்விடுகிறது. கழற்றினால் பாட்டுப் புத்தகத்தில் டோ-ரே-மி என்று ராகம் குறித்த சோல்பா எழுத்துகள் தெரியவில்லை.

"கடையில கண்ணாடி போட்டுப் பாத்தியளா?" என்றாள் மனைவி. பிறகு இரங்கி, "செரி, நான் வாசிக்கேன், நீங்க பாடுங்க" என்று புத்தகத்தோடு எதிரே உட்கார்ந்தாள். கண்ணாடியைக் கழற்றி ஹெட்போனை மாட்டினேன்.

வெளிச்சத்தம் துளியும் உள்ளே வரக்கூடாது என்றுதான் மூன்று கடை ஏறி இறங்கினேன். அவள் வாய் அசைவது மட்டும் தெரிந்தது.