காருக்கு முத்திரை ஒட்டிய வாரம்

5 பிப்ரவரி 1934, திங்கள்

காலையில் பனி. எட்டு மணிக்கும் எதிர் வீடு மங்கல்தான். மில்லில் அரை நாள் லீவு சொல்லி, கார் பேரம் முடித்தேன். ரூ. 550. பழசு, ஆனால் ஓடுகிறது. விற்றவர் ஊருக்குத் திரும்பும் பிரெஞ்சுக்கார ஐயா, ஒரு முசே. வியாழன் கப்பல். இதே கார் கடலூரில் இரட்டை விலை என்று காதர் பாய் சொல்கிறார். மெக்கானிக். எனக்கு ஓட்டத் தெரியாது, ஆகையால் டிரைவரும் அவரே.

ஏன் வாங்கினாய் என்று பின்னால் என்னையே கேட்பேன். அதற்காக எழுதி வைக்கிறேன். கடலூரில் புகுந்த வீட்டில் இருக்கும் மகள் தெரேசுக்கு ஏழாம் மாதம். ஞாயிறோடு முடிகிறது. எட்டில் பிள்ளைத்தாய்ச்சியை வழி அனுப்ப மாட்டார்கள். பங்குச் சாமியார் மூடநம்பிக்கை என்கிறார். அவருக்கென்ன, சம்பந்தியம்மாளா இருக்கிறாள்? கடலூரிலிருந்து அவள் சொல்லி அனுப்பியது: "பஸ்ல குலுங்கக் குலுங்க அனுப்ப மாட்டேன். காரோட வாங்க, கூட்டிட்டுப் போங்க." வாடகைக் கார்க்காரர்கள் இரண்டு பேரைக் கேட்டேன். பிரெஞ்சு எல்லை தாண்டி இங்கிலீஷ்காரன் கடலூருக்கு வர மாட்டோம் என்றார்கள். ஏன் என்று கேட்கவில்லை.

ஒன்பதாம் மாதம் வரை என் மனைவி ரோசலி பொறுக்க மாட்டாள். பெரிய மகள் புகுந்த வீட்டில்தான் பிரசவத்தில் போனாள். நாங்கள் போய்ச் சேரும்போது முகத்தை மூடியிருந்தார்கள். இவள் என் வீட்டில்தான் பெற வேண்டும். அவ்வளவுதான்.

6, செவ்வாய்

காரை என் பேருக்கு மாற்றக் கடற்கரை மேரி ஆபீசுக்குப் போனேன். நகராட்சி காரியம் முழுக்க அங்கேதான். முத்திரைக் காகிதத்தில் எழுது என்றார் குமாஸ்தா. எழுதினேன். தமிழில் கூடாது, பிரெஞ்சில். எழுதினேன். இரண்டு படி வேண்டும். இரண்டாவதற்கும் முத்திரை. முத்திரை விற்பது வேறு ஆபீஸ். அது பதினொன்றுக்கு மூடி மூன்றுக்குத் திறக்கும்.

"எல்லாத்தையும் ஒண்ணாச் சொல்லியிருக்கலாமே?"

"நீங்க ஒண்ணொண்ணாத்தானே கேட்டீங்க, முசே."

வரும் வழியில் செருப்பு வார் அறுந்தது. ரோசலி கொழுக்கட்டை செய்திருந்தாள். நான்கு தின்றேன், கோபத்தில்.

7, புதன்

போன வருஷ வண்டி வரி பாக்கியாம். கட்டாதவர் முசே. கட்ட வேண்டியது நான். "வரி வண்டி மேல. ஆள் மேல இல்ல" என்றார் குமாஸ்தா. இந்த வருஷ வரி தனி. பிறகு வண்டியைப் பார்வையிட இஞ்சினியர். ஹாரனை இரண்டு தடவை அமுக்கினார். அதற்கு ஒரு கட்டணம். பிரேக்கைப் பார்க்கவே இல்லை.

சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்.

முசேயைக் கையோடு இழுத்துப் போய்க் கையெழுத்து வாங்கிவிட்டேன். நாளை கப்பல் ஏறியிருந்தால் தொலைந்தேன்.

8, வியாழன்

சம்பந்தியிடமிருந்து கடிதம். கோர்ட்டுக் குமாஸ்தா அல்லவா, நம்பர் போட்டு எழுதியிருக்கிறார். (1) நலம். (2) மருமகள் நலம். (3) இன்சூரன்ஸ் இல்லாத வாகனத்தில் மருமகளை ஏற்றுவதற்கில்லை.

மத்தியானம் இன்சூரன்ஸ் ஏஜெண்ட் வீடு. வண்டி எரிந்தால் ஒரு தொகை, மோதினால் ஒரு தொகை, களவுக்குத் தனி. எல்லாம் பிரெஞ்சு எல்லைக்குள் மட்டும்.

"பாகூர்ப் பக்கம் ரோட்டுக்கு இந்தாண்ட வயல் நம்மது, அந்தாண்ட வயல் இங்கிலீஷ்காரனது. அங்க மோதினா?"

"இந்தாண்டயே மோதச் சொல்லுங்க."

அந்த ஆள் சிரிக்கவே இல்லை. எல்லைக்கு அப்பாலும் செல்லும்படி வேறு பாலிசி எழுதினார். ரோசலியின் இரட்டை வடம் அடகுக் கடைக்குப் போயிற்று. அவளே கழற்றித் துணியில் முடிந்து கொடுத்தாள். திட்டியிருந்தால் தேவலை.

10, சனி

நேற்று எழுதவில்லை, மில்லில் சம்பள நாள். இன்று கார் என் பேருக்கு மாறிய அட்டை கைக்கு வந்தது. இதுவரை செலவு, ரூபாயில்:

பேர் மாற்றம், முத்திரைகள் – 11
பழைய வரி, புது வரி – 46
இஞ்சினியர் – 5
நம்பர் எழுதிய பெயிண்டர் – 1
இன்சூரன்ஸ் – 62
காபி, ஜட்கா, செருப்பு வார் – எழுதவில்லை, வெட்கம்

மத்தியானமே பாயும் நானும் கிளம்பினோம். வீராம்பட்டினக் காற்று, வண்டி நன்றாக ஓடிற்று. தவளக்குப்பத்தில் நிறுத்திச் சம்பந்தி வீட்டுக்கு வாழைத்தார் வாங்கினேன். எல்லைச் சாவடியில் இங்கிலீஷ் சுங்க அதிகாரி கை காட்டி நிறுத்தினார். என் காகிதக் கட்டைப் பெருமையாக விரித்தேன்.

"இதெல்லாம் உங்க சர்க்காருக்குக் கட்டினது. எங்களுக்குக் கட்டினது எங்க?"

பிரெஞ்சுத் துறைமுகத்தில் இறங்கிய கார் இங்கிலீஷ் மண்ணுக்குள் வந்தால் மறுபடி தீர்வை. அதுவும் அவர்கள் மதிக்கும் விலையில். கார் திரும்பும்போது திருப்பித் தரும் ஈடாகக் கட்டலாம், ஆனால் வாங்கும் ஆபீஸ் திங்கள்தான் திறக்கும். திங்கள் எட்டாம் மாதம்.

"பாய், இது உமக்குத் தெரியாதா?"

"தெரியும் ஐயா. நீங்க கட்டிட்டீங்கன்னு நெனச்சேன். அவ்ளோ காகிதம் வச்சிருந்தீங்களே."

மலிவு மலிவு என்று ஊரெல்லாம் சொன்னேனே, அந்த மலிவு இந்தத் தீர்வை கட்டாத மலிவுதான். சாவடித் தூணில் தலையை முட்டிக்கொள்ளத் தோன்றியது. காரைப் பாயோடு விட்டுவிட்டு, வாழைத்தாரைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸில் போனேன்.

சம்பந்தி அரைமணி நேரம் காகிதங்களைப் படித்தார். "எல்லாம் சரியாத்தான் இருக்கு."

"சரியா இருந்தா வண்டி ஏன் வாசல்ல இல்ல?" என்று கேட்டுவிட்டு உள்ளே போய்விட்டாள் சம்பந்தியம்மாள். தெரேஸ் கதவோரம் நின்றாள். கால் வீங்கியிருக்கிறது. "அம்மா வரலையாப்பா?" என்றாள். பெரியவளும் இப்படித்தான் கேட்பாள்.

கிளம்பும்போது சம்பந்தியம்மாள் வாசல் வரை வந்தாள். "நாளைக்குப் பூசை முடிஞ்சதும் சாவடிக்கு அந்தாண்ட, உங்க பக்கமே காரை நிறுத்துங்க, அண்ணே." அவ்வளவுதான் சொன்னாள்.

11, ஞாயிறு

முதல் பூசை. ரோசலி பிரசங்கத்தைக் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. எட்டரைக்குச் சாவடி. ஒன்பது. பத்து. வெயில். ரோசலி ஜெபமாலையைக் கீழே வைக்கவில்லை. பத்தரைக்கு ஒரு மாட்டுவண்டி, வைக்கோல் மேல் மெத்தை, மெத்தை மேல் தெரேஸ். சம்பந்தியம்மாள் வண்டியில் இல்லை. மாட்டின் மூக்கணாங்கயிற்றைப் பிடித்துக்கொண்டு முன்னால் நடந்து வருகிறாள், புடவை முழங்கால் வரை புழுதி. வண்டிக்காரன் வேகமாக ஓட்டிவிடுவானாம், இவளே பிடித்தால்தான் மாடு மெதுவாக நடக்குமாம்.

"காரோட வரச் சொன்னேன். வந்துட்டீங்க. அது இங்க நிக்கிறது உங்க குத்தமா?"

இந்த மனுஷியை ஏழு மாதமாக என்னவெல்லாம் திட்டியிருக்கிறேன்.

அதிகாரி டிரங்குப் பெட்டியைத் திறந்து, குழந்தைத் துணிகளைப் பார்த்து மூடினார். தெரேஸ் ரோசலி கையைப் பிடித்து இந்தப் பக்கம் நடந்து வந்தாள். அவளுக்கு ஒரு காகிதமும் யாரும் கேட்கவில்லை.

அரியாங்குப்பம் வருவதற்குள் தூங்கிவிட்டாள். வீட்டு வாசலில் கார் நின்றும் தூக்கம் கலையவில்லை. தலை ரோசலி மடியில். கதவைத் திறக்க வேண்டாம் என்று ரோசலி கை காட்டுகிறாள். ஒரு மணி நேரமாக இப்படியே. மணி ஒன்றரை, பசி. பாயும் நானும் வெளியே நிற்கிறோம். இதை மட்கார்டு மேல் வைத்து எழுதுகிறேன்.