கால் படாத கார்ப்பெட்

2003, தை மாசம், வெள்ளிக்கிழமை ராத்திரி.

பஸ் ஸ்டாண்ட் பக்கத்து லாட்ஜை இன்னைக்குத் திறந்தாங்க. உள்ள அலங்காரம் மொத்தமும் நான் யோசிச்சது. படம் எதுவும் மாட்டக் கூடாது, அரக்கும் பச்சையும் தவிர வேற கலர் கூடாதுன்னு ஓனர் கறாரா சொல்லியிருந்தார். அந்தக் கட்டுப்பாட்டுலதான் எனக்கு டிசைனுக்கான கதையே கிடைச்சுது. உள்ள நடந்தா கல்யாணப் புடவை ஒண்ணு பிரியுற மாதிரி இருக்கணும். வரவேற்பறைச் சுவர் பூரா கோபுரக் கரை, ரூம்ல கட்டிலுக்குப் பின்னாடி முந்தானை.

என் பார்ட்னர் சேகர் அதைத் தன் கதைன்னு ஓனர்கிட்ட சொல்லிட்டான். அதோட விட்டானா? வாசல்லேருந்து நீளமா அதே புடவை டிசைன்ல கார்ப்பெட்டும் போட்டான். அவன் வெளியூர்க்காரன். "எப்படி இருக்கு?"ன்னு கேட்டான். "சூப்பர்"னு சொன்னேன்.

நான் நெசவு வீட்டுல பொறந்தவ. கீழ கிடக்கிற புடவையைத் தாண்டக்கூட மாட்டோம்.

இன்னைக்கு வந்த எங்க ஊர் பட்டு வியாபாரிங்க அத்தனை பேரும் வாசல்லயே நின்னுகினு இருந்தாங்க. "முகூர்த்தப் புடவையை மிதிக்கச் சொல்றீங்களா?"ன்னு ஒருத்தர் சத்தம் போட்டார். ஓனர் என்னைப் பார்த்தார். "கதை சேகரோடதுங்க, அவரையே கேளுங்க"ன்னேன். எனக்கு வயிறு குளுந்துடுச்சு.

அம்மாவும் வந்திருந்தாங்க. அவங்களும் கால் வைக்காம திரும்பிட்டாங்க. நான் செஞ்ச சுவரை அவங்க பாக்கவே இல்ல.

நாளைக்குக் காலைல அவனே முட்டி போட்டுக் கார்ப்பெட்டைச் சுருட்டணும்னு ஓனர் உத்தரவு. அந்த நேரம் பார்த்துதான் அம்மாவைக் கூட்டிகினு போவேன்.