வெள்ளி நிறப் பிரைமர்

அண்ணை,

நேற்று மில்லிக்கனில் பக்கத்து வீட்டார் வளவுக்குள் வாணம் கொளுத்தினார்கள். யன்னலால் புகை வந்ததும் எழுந்து போய்ச் சாத்தினேன். வெடிமருந்து மணத்தோடு உங்கள் பிஸ்டல் கிளப்பும் நினைவுக்கு வந்துவிடும். நீங்கள் போய் இத்தனை காலமாகியும் அந்த அருவருப்பு போகவில்லை.

எழுபதுகளில், இந்த நாட்டுக்கு வந்த புதிதில், சென் ஜேம்ஸ் ரவுணில் இருவரும் ஒரே அப்பார்ட்மென்டில் இருந்தோம். சனிக்கிழமைகளில் நீங்கள் குறிபார்த்துச் சுடப் போவீர்கள். தோட்டாக்களைக் குசினி மேசையில் நீங்களே நிரப்புவீர்கள். நான் சிகரெட்டோடு வாசலில் தலைகாட்டினாலே கத்துவீர்கள். ஒருநாள், தோட்டாக் கோதின் அடியில் பொட்டளவாக இருந்த பிரைமரைக் காட்டினீர்கள்.

"துப்பாக்கி ஊசி அடிச்சவுடனை மருந்தைப் பத்த வைக்கிறது உதுதான். காரமான பிரைமர் போட்டால் மருந்தைக் குறைக்கவேணும். இல்லாட்டிக் கையிலையே வெடிக்கும்."

நீங்கள் பாவித்தது எப்போதும் பித்தளை நிறச் சாதாரணப் பிரைமர்; கடையில் இல்லாவிட்டால் வரும்வரை காத்திருப்பீர்கள். கிளப் தலைவருக்கு அந்தப் பொறுமை கிடையாது. கடையில் சாதாரணம் முடிந்திருந்த கிழமை, வெள்ளி நிறக் காரப் பிரைமரை வாங்கி, மருந்தைக் குறைக்காமலே ஒரு பெட்டி நிரப்பிக் கொண்டுவந்தார். அன்று நானும் கூட வந்திருந்தேன். நீங்கள் தடுத்தீர்கள். "எல்லாம் ஒரே நெருப்புத்தானே" என்று சிரித்தார். சற்று நேரத்தில், அந்தப் பெட்டியிலிருந்து எடுத்துச் சுட்ட கிளப் உறுப்பினர் டேவின் துப்பாக்கி பிளந்து, அவர் பெருவிரல் கிழிந்து தொங்கியது.

அடுத்த கூட்டத்தில் தலைவர், அவை நீங்கள் நிரப்பிய தோட்டாக்கள் என்றார். நீங்கள் மிச்சத்தை மேசையில் கவிழ்த்து அடிப்பக்கத்தைக் காட்டினீர்கள். அத்தனையும் வெள்ளி. ஒருவரும் குனிந்து பார்க்கவில்லை. உங்களை நீக்கக் கை உயர்த்தினார்கள். டேவ், கட்டுப்போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு, மற்றக் கையை உயர்த்தினார்.

பிறகு ஒரு பின்னேரம் அவர் ஒரு பை அப்பிளோடு எங்கள் கதவைத் தட்டினார்.

"அது உங்கள் தோட்டா இல்லை என்று எனக்குத் தெரியும்."

"அதைக் கூட்டத்தில் சொல்வீர்களா?" என்று கேட்டீர்கள்.

அவர் தன் சப்பாத்தைப் பார்த்தார். "தலைவர் என் நெடுநாள் நண்பர்."

பையை அவருடைய நல்ல கையிலேயே திருப்பிக் கொடுத்துக் கதவைத் திறந்துவிட்டீர்கள். அவர் போனதும் கையைக் கழுவினீர்கள்.

"தலைவர் பொய்யன், விடு. உவன் உண்மை தெரிஞ்சுகொண்டு கையை உயர்த்தினவன். உவனை நினைக்கத்தான் எனக்கு அரியண்டமாக் கிடக்கு."

ஆனாலும் அடுத்த சனிக்கிழமை பனிக்குள் கிளப் வாசலில் நின்று, வருகிற ஒவ்வொருவரிடமும் அந்தப் பெட்டியைத் தொடவேண்டாம் என்று சொன்னீர்கள். சிலர் முகத்தைத் திருப்பினார்கள். ஒருவர் உள்ளே போய்ப் பெட்டியைத் தூக்கிவந்து உங்களிடமே தந்தார். அதன்பிறகு நீங்கள் துப்பாக்கியைத் தொடவில்லை. தலைவர் தலைவராகவே இருந்தார்.

போன மாதம் எங்கள் ஊர்ச் சங்கக் கூட்டத்தில் நான் தனியே நின்று ஒரு விசயத்தை எதிர்த்தேன். முடிந்தபின் கார் பார்க்கில் ஒருவர் என் தோளைத் தொட்டு, "நீங்கள் சொன்னதுதான் சரி, அண்ணை" என்றார்.

"உள்ளுக்கை ஏன் தம்பி சொல்லேல்லை?" என்று கேட்டேன்.

இப்போது அவர் என்னோடு கதைப்பதில்லை. எனக்கு அதில் ஒரு குறையும் இல்லை.