மகனுக்கு வைத்திருந்த பாலாடைக்கட்டி

இத்தாலி, 1944 கார்த்திகை

அன்புள்ள கண்ணாயிக்கு,

நான் சுகம். வாழவந்தி நாட்டில் நீயும் ஆத்தாளும் சுகமாயிருக்க அறப்பளீஸ்வரர் துணையிருப்பார்.

எங்கள் பட்டாளத்து லாரி பள்ளத்தில் சாய்ந்தது. யாருக்கும் காயமில்லை. அருகில் ஒரு குடியானவர் வீட்டில் தங்கினோம். வீட்டம்மாள் கொத்துக்கறியோடு ஊறிய ரொட்டியைப் பிசைந்து, நடுவில் பாலாடைக்கட்டி வைத்து உருட்டி, தக்காளிக் குழம்பில் வேகவைத்தார். நான் இரு விரலைத் தலையில் கொம்பாக வைத்து, மாட்டுக்கறியா என்று கேட்டேன். அவர் ஆடு போலக் கத்திக் காட்டினார்.

"ஆடுதானுங்கண்ணா, கொம்ப எறக்குங்க!" என்றான் ராசிபுரத்துச் சாமியப்பன்.

உருண்டையைப் பிட்டால் வெள்ளையாக நூல் இழுத்தது. வேகாத கொழுப்பென்று ஒதுக்கினேன். அம்மாளின் முகம் வாடியது. சண்டைக்குப் போன மகனுக்கென்று வைத்திருந்த கடைசிக் கட்டியாம். அவர்கள் பேச்சு கொஞ்சம் தெரிந்த சாமியப்பன் சொன்னான். உடனே எடுத்துத் தின்றேன். அப்படியொரு ருசியை நான் கண்டதில்லை.

நீ முடிந்து கொடுத்த மிளகு முழுவதையும் அவருக்குக் கொடுத்துவிட்டேன். கோபிக்காதே. அவர் ஒன்றைக்கூடக் கடித்துப் பார்க்காமல், மகன் வரும் நாளுக்கென்று பத்திரப்படுத்தினார்.

ஊருக்கு வந்ததும் ரொட்டிக்குப் பதில் சாமைச்சோறு பிசைந்து உனக்குச் செய்து தருவேன். இப்போது கொஞ்சம் மிளகு அனுப்பு. புதுத்துணி வேண்டாம், உன் பழைய சேலைத்துணியில் முடிந்து அனுப்பு.

லாரியில் ஏறச் சொல்கிறார்கள்.

காளியண்ணன்